200 மணி நேரம் குறைவாக இருக்கும் குழுவுக்கு முதலில் எது தேவை?

கேள்வி: உற்பத்தித் துறை நிறுவனம் ஒன்றில் சஸ்டெயினபிலிட்டி (சுற்றுச்சூழல் நிலைத்தன்மை) பிரிவைக் கவனிக்கிறேன். ஆறு பேர் இருந்தோம். இரண்டு பேர் விலகினார்கள், அந்த இடங்களை யாரும் நிரப்பவில்லை. ஆண்டறிக்கைக்கு இன்னும் ஆறு வாரம்தான். 180 சப்ளையர்களிடம் டேட்டா வாங்க வேண்டும். இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் கேள்வித்தாள்கள் காத்திருக்கின்றன. இதற்கு நடுவில், கார்பன் உமிழ்வை 2030க்குள் பாதியாக்குவோம் என்ற எங்கள் இலக்கை நிர்வாகம் 2040க்குத் தள்ளிவிட்டது. அதை நல்ல வார்த்தையில் எழுதித் தரும் பொறுப்பும் என் தலையில். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குழுவில் இருப்பவர்களிடம் எரிந்து விழுகிறேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் குற்ற உணர்ச்சி. ஹெச்.ஆர். தரப்பில் குழுவுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (மனதைக் கவனிக்கும் தியானப் பயிற்சி) வகுப்பும் எனக்குத் தனியாக ஒரு கோச்சும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். பயன் உண்டா? இல்லை, வேலையை விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்: கோச்சை ஏற்றுக்கொள்ளுங்கள். வகுப்பை அறிக்கை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு எக்செல் தாளைத் திறந்து மணிக்கணக்குப் போடுங்கள். ராஜினாமாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று பாரங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று, ஆளுக்கு மிஞ்சிய வேலை. இரண்டு, மனசு ஒப்பாத ஒன்றை எழுதித் தர வேண்டிய நெருக்கடி. மூன்று, பூமியின் நிலையை நாள் முழுக்க எண்களாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் துக்கம். உடம்பில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: தூக்கம் கெடும், எரிச்சல் வரும், ஞாபகம் தப்பும். அதனால் மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்று தோன்றிவிடுகிறது. தோன்றுவது உங்களுக்கு மட்டுமல்ல, ஹெச்.ஆருக்கும்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. பர்ன்அவுட்டை அது நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றே சொல்கிறது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசந்துபோவது, செய்யும் வேலையில் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. நீங்கள் எழுதியதில் முதலாவது நன்றாகவே தெரிகிறது. இரண்டாவது இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இலக்கு தள்ளிப்போனது உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்காது. இந்த நிலையில் கவனித்தால் மீள்வது எளிது.

இப்போது கணக்கு. நான்கு பேர், வாரத்துக்கு 40 மணி நேரம், ஆறு வாரம்: 960 மணி நேரம். இதில் மின்னஞ்சல், மீட்டிங், விடுப்பு, திடீர் வேலைகள் என்று 30 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். கையில் நிற்பது 672. தாளின் அடுத்த நெடுவரிசையில் வேலைகளை எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் இல்லாததை நான் ஊகமாகப் போட்டிருக்கிறேன், உங்கள் எண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். 180 சப்ளையர்கள், ஒருவருக்குப் படிவம் அனுப்பி, நினைவூட்டி, வந்ததைச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் என்றால் 270. ஆலை டேட்டா சரிபார்ப்பு 120. இரண்டு கேள்வித்தாள்கள் 120. அறிக்கை எழுத்து 160. ஆடிட்டர்களின் கேள்விகளுக்குப் பதில் 100. இயக்குநர் குழுவுக்கான ஸ்லைடுகள் 40. மற்ற துறைகளுக்கு நடத்தும் பயிற்சி 60. மொத்தம் 870. பற்றாக்குறை ஏறக்குறைய 200 மணி நேரம். ஆளுக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கு வாரம் ஒரு நாள் கூடுதலாக உழைத்தால்தான் ஈடாகும். இதைத்தான் உங்கள் குழு இப்போது தூக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தாள் கையில் இருந்தால் நிர்வாகத்திடம் பேசும் பேச்சே மாறிவிடும். “எங்களால் தாங்க முடியவில்லை” என்றால் எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடலாம். “198 மணி நேரம் குறைகிறது, இந்த ஏழில் எதை நிறுத்தலாம், எதைத் தள்ளலாம், எதைச் சுருக்கலாம், எதற்கு ஆள் தருவீர்கள்?” என்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவும் சுருக்குவதற்கான யோசனையை நீங்களே கொண்டுபோனால் அன்றைக்கே முடிவு கிடைக்கும். ஸ்கோப் 3 கணக்குக்கு, அதாவது சப்ளையர்கள் போன்ற வெளியாரால் வரும் உமிழ்வைக் கணக்கிட, எல்லா சப்ளையரிடமும் நேரடி டேட்டா வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உமிழ்வுக் கணக்குக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான ஜி.ஹெச்.ஜி. புரோட்டோகாலின் 2011ஆம் ஆண்டு ஸ்கோப் 3 விதிமுறையே, உமிழ்வு அதிகம் வரும் இடங்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. மற்றவற்றுக்குச் செலவுத் தொகையை வைத்து மதிப்பிடலாம், எந்த முறையைக் கையாண்டோம் என்பதை அறிக்கையில் சொல்ல வேண்டும். உமிழ்வில் பெரும்பங்கு வகிக்கும் 40 சப்ளையர்களிடம் மட்டும் நேரடி டேட்டா வாங்கினால் 270 மணி நேரம் 60 ஆகிறது. பற்றாக்குறை அங்கேயே தீர்ந்தது. ஆடிட்டரிடம் இந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரியவந்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் விளக்கம் எழுதுவதில் போய்விடும்.

இதைச் செய்யாமல் வகுப்பை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? எட்டு வார வகுப்புகள் பெரும்பாலும் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய முறையைப் பின்பற்றுபவை. வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி. கூட்டினால் ஆளுக்கு 60 மணி நேரத்தைத் தாண்டும். ஏற்கெனவே 200 மணி நேரம் கடனில் இருப்பவர்களிடம் இன்னொரு வீட்டுப்பாடம். இரண்டாவது வாரமே பயிற்சி விட்டுப்போகும், “தியானம்கூட நமக்கு வரவில்லை” என்ற குறை ஒன்று சேரும். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மைண்ட்ஃபுல்னெஸ், மனவுறுதிப் பயிற்சி, மனநல ஆப் போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாரையும் ஒரே சமயத்தில் கேட்டு எடுத்த கணக்கு அது. வகுப்பே வீண் என்று அதிலிருந்து தீர்ப்பெழுத முடியாது. ஆனால் வேலையின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் பழக்குவதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்கு ஹெச்.ஆரிடம் காட்ட உதவும். மனநலத்தைப் பாதிக்கும் பணியிட அபாயங்களுக்கென்றே 2021இல் ஐ.எஸ்.ஓ. 45003 என்ற பன்னாட்டு வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அதிகப்படியான வேலைப்பளு அதில் அபாயமாகவே கருதப்படுகிறது. உங்கள் நிறுவனத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்று இருந்தால், இந்த மொழி நிர்வாகத்துக்குப் புதிதாக இருக்காது.

இலக்கு விஷயத்துக்கு வருவோம். உங்களை மூன்று மணிக்கு எழுப்புவது சப்ளையர் பட்டியல் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ இதுதான் என்று தோன்றுகிறது. தான் நம்பும் ஒன்றுக்கு எதிராகத் தன் கையாலேயே எழுதுவதில் வரும் வலி ஓய்வெடுத்தால் போகாது. ஒரு வாரம் விடுப்பில் போய்த் திரும்பினாலும் அந்தப் பத்தி மேசையில் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு வழி, கோட்டை எங்கே போடுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. எழுதச் சொல்லப்படும் வாக்கியங்களை மூன்றாகப் பிரியுங்கள். உண்மை, ஆனால் எனக்கு உடன்பாடில்லை: இதை எழுதலாம், மாற்றுக் கருத்தை உள் குறிப்பாகப் பதிவு செய்யலாம். உண்மை, ஆனால் பாதி: விடுபட்ட பாதியைச் சேர்த்தால் எழுதலாம். பொய்: எழுதக் கூடாது. “எங்கள் இலக்கு 2040க்கு மாற்றப்பட்டுள்ளது” என்பது முதல் வகை. “எங்கள் லட்சிய இலக்கை மேலும் வலுப்படுத்தியுள்ளோம்” என்பது மூன்றாவது. ரொம்பக் கஷ்டம் கொடுப்பது நடுவில் இருப்பவை. உதாரணமாக, “பாதியாகக் குறைக்கும் உறுதியில் மாற்றமில்லை” என்ற வாக்கியம். சொல்லுக்குச் சொல் உண்மைதான். விடுபட்டது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் ஆண்டுக்கு 40,000 டன் உமிழ்வு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் சம அளவில் குறைத்து 2030இல் 20,000க்கு வந்து அங்கேயே நின்றால், 2040 வரை மொத்தம் 3,50,000 டன். அதே 20,000க்கு 2040இல்தான் வந்து சேர்ந்தால் 4,50,000 டன். கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலத்தில் சேர்ந்துகொண்டே போகும் வாயு என்பதால் போய்ச் சேரும் எண்ணைவிட போகும் பாதையே முக்கியம். அந்தக் கூடுதல் ஒரு லட்சம் டன்தான் உங்கள் பத்தியில் இல்லாதது.

உங்கள் எண்ணைப் போட்டு இதை ஒரு பக்கக் குறிப்பாக்குங்கள். தேதி, முடிவு, கூடுதல் உமிழ்வு, வாடிக்கையாளரும் முதலீட்டாளரும் கேட்கக்கூடிய கேள்விகள், ஒரு மாற்று யோசனை (2033இல் ஓர் இடைக்கால இலக்கு, இப்படி ஏதாவது). குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். மேலதிகாரிக்கு அனுப்பி, ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். இதனால் முடிவு மாறாமல் போகலாம். ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தோமா என்ற விசாரணை ராத்திரியில் உங்களுக்குள் நடந்துகொண்டே இருக்காது. பதில் கோப்பில் இருக்கிறது.

கோச்சிங் இங்கேதான் நன்றாகக் கைகொடுக்கும். கோச் ஆலோசகர் இல்லை, மனநல சிகிச்சையாளரும் இல்லை. நீங்கள் பழக்கமாகச் செய்வதை நீங்களே பார்க்கும்படி நிறுத்தி, வேறு விதமாகச் செய்ய ஒத்திகை பார்க்க வைப்பவர். மைண்ட்ஃபுல்னெஸ் சேர்ந்த கோச்சிங் என்றால் பேச்சோடு உடம்பையும் கவனிக்கச் சொல்வார்கள். ஓர் அமர்வு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“நிதித் தலைவர் ‘இந்த வருஷம் பட்ஜெட் இல்லை’ என்றதும் என்ன ஆகிறது?”

“கோபம் வருது.”

“உடம்பில் எங்கே?”

“தாடை இறுகும். உடனே வேகமா பேச ஆரம்பிச்சிடுவேன். நாலஞ்சு புள்ளிவிவரம் அடுத்தடுத்து.”

“அப்போது அவர்?”

“போனைப் பார்ப்பார்.”

“தாடை இறுகுவதற்கும் நீங்கள் பேசுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்?”

“ஒரு நொடி இருக்குமா…”

அந்த ஒரு நொடியை மூன்றாக்குவதுதான் பயிற்சி. “தாடை இறுகினால், பேனாவைக் கீழே வைப்பேன், ஒரு மூச்சை முழுசாக வெளியே விடுவேன், ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எந்த நிபந்தனை மாறினால் இதை மறுபடி பரிசீலிப்பீர்கள்?” இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்னாலேயே எழுதிவைக்கும் திட்டம், வெறுமனே ‘இனிமேல் பொறுமையாக இருப்பேன்’ என்பதைவிட நன்றாகப் பலிக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்தே காட்டிவருகிறார். குழுவினரிடம் எரிந்து விழுவதற்கும் இதே மாதிரி ஒன்று எழுதிக்கொள்ளலாம். எதில் தொடங்குகிறது என்று முதல் வாரம் கவனித்தால் போதும், மாற்ற முயல வேண்டாம். பெரும்பாலானவர்கள் இந்த வாரத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் பலிப்பதில்லை.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தரும் சான்றுகளில் ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம் கோச்சிங் அனுபவம் வேண்டும். உங்கள் நிலைக்கு பி.சி.சி. அளவில் உள்ளவர் நல்லது. “எந்த அறிகுறியைக் கண்டால் என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள், தயங்காமல் பதில் சொல்பவரை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பது நல்ல இடைவெளி. முதல் அமர்வுக்கு முன் நீங்கள், கோச், ஹெச்.ஆர். மூவரும் உட்கார்ந்து ரகசியக் காப்பு பற்றி எழுத்தில் பேசி முடியுங்கள்: எத்தனை அமர்வுகள் நடந்தன என்பது மட்டும் ஹெச்.ஆருக்குப் போகலாம், என்ன பேசினோம் என்பது போகக் கூடாது. இதைத் தெளிவாக்காமல் தொடங்கினால் நீங்கள் எட்டு அமர்விலும் பத்திரமாகப் பேசிவிட்டு வருவீர்கள். காசு போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. 198 மணி நேரப் பற்றாக்குறையை எடுத்துப் போட்டதும் “உங்கள் மனப்பான்மையை மாற்றிப் பாருங்கள்” என்று சொல்கிற கோச் வேண்டாம்.

ராத்திரி விழிப்புக்கு உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் 15 நிமிடம், கவலைகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் அடுத்த செயலையும் நாளையும் எழுதுங்கள். செயலே இல்லாத கவலை என்றால் “என் கையில் இல்லை” என்று எழுதுங்கள். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தையும் போனையும் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போனமாதிரி தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் செருகினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கையிலேயே புரண்டால் படுக்கைக்கும் கவலைக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. அதை அறுப்பதற்காகத்தான் இவ்வளவும்.

பகலில் மூச்சுப் பயிற்சி: மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. மீட்டிங்குக்கு முன் மூன்று நிமிடம் செய்தாலே போதும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, ஆழமாக இழுக்க வேண்டும் என்று நினைத்து மார்பு நிறைய இழுப்பது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயந்துபோய் விட்டுவிடுவார்கள். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிலருக்கு, குறிப்பாக பழைய அதிர்ச்சிகளோ திடீர்ப் பீதியோ உள்ளவர்களுக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே படபடப்பைக் கிளப்பும். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கலாம். பின்னால் வகுப்பு நடக்கும்போது இந்த மாற்று வழியைச் சொல்லித்தராத பயிற்றுநரை ஏற்காதீர்கள், யாரையும் கட்டாயமாக உட்கார வைக்கவும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் ஈடுபாடு இல்லை, மனசு கனத்தே கிடக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள். அது கோச்சிடம் போகும் விஷயமே இல்லை.

குழுவுக்காக நீங்கள் செய்யக்கூடியது சின்னதுதான். திங்கட்கிழமை 15 நிமிடம், ஒவ்வொருவரும் தன் பாரத்துக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் சொல்லட்டும். விளக்கம் கேட்காதீர்கள், மேலதிகாரி முன்னால் மனசைத் திறக்கச் சொல்வது பலருக்கு இன்னொரு பாரம். ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் 4 அல்லது 5 சொன்னால், அன்றைக்கே அவரிடமிருந்து ஒரு வேலையை எடுத்துவிட வேண்டும். அனுதாபம் மட்டும் காட்டினால் மூன்றாவது வாரம் எல்லாரும் 3 என்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலைக் காலை ஒன்பதுக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். “இப்பவே பதில் வேண்டாம்” என்று கீழே எழுதினாலும் அவர்கள் இப்போதே பார்க்கத்தான் செய்வார்கள்.

துக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நிலவரம் தெரிந்தவருக்கு அது வருவது இயல்பு, நோயாகப் பார்க்க வேண்டாம். வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்க்கும் நான்கைந்து பேருடன் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுங்கள்; ஒருவர் பேசும்போது மற்றவர் தீர்வு சொல்லக் கூடாது என்பது ஒன்றே விதி. ஆறு மணிக்குக் கிளம்பும்போது வரும் குற்ற உணர்ச்சியும் அங்கே பேச வேண்டியதுதான். அந்த அறையில் எல்லாருக்கும் அது இருப்பது தெரிந்தால் அதன் வேகம் பாதி தணியும்.

கடைசியாக, ராஜினாமா. தூக்கம் கெட்ட நிலையில், அறிக்கை சீசனுக்கு நடுவில் அந்த முடிவை எடுக்காதீர்கள். அறிக்கை போன மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மணிக்கணக்குத் தாளை நிர்வாகம் வாங்கிப் படித்து எதையாவது மாற்றியதா, இலக்கு பற்றிய உங்கள் குறிப்புக்கு எழுத்தில் பதில் வந்ததா, காலியான இரண்டு இடங்களில் ஒன்றாவது நிரம்பியதா. மூன்றுக்கும் இல்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள், இருக்கும் வேலையில் இருந்தபடியே. மூன்றாம் வகை வாக்கியத்தில், அதாவது பொய்யென்று தெரிந்த ஓர் எண்ணில் உங்கள் பெயரைப் போடச் சொன்னால் மட்டும் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எழுத்தில் மறுப்பு, அடுத்து நிறுவனத்தின் சட்டப் பிரிவு, அதற்குப் பிறகு வெளியே ஒரு வழக்கறிஞர் என்ற வரிசையில் போங்கள்.